காய்ச்சல் தணிந்தால் நோய் நீங்கியதாகுமா? அந்தமான் மழைக்காலத்தில் பாராசிட்டமாலின் பயனும் அபாயமும்

ஜங்லிகாட் (அந்தமான்): அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜய புரத்தில் (பழைய பெயர் போர்ட் பிளேர்) தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளில் ஒன்று, மீன்பிடி இறங்குதளம் அமைந்துள்ள ஜங்லிகாட். மே மாதம் தொடங்கி ஆண்டின் இறுதிவரை இரு பருவமழைகளையும் காணும் இத்தீவுகளில் மழையும் காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் உடல் கொதிக்கத் தொடங்கியதும் முதலில் தேடப்படுவது மருத்துவரை அல்ல, வீட்டில் மீதமிருக்கும் மாத்திரை அட்டையைத்தான்.

அந்த அட்டையில் இருப்பது பாராசிட்டமாலாக இருந்தால் முதல் இரண்டு நாள்களுக்குப் பெரும்பாலும் பாதகமில்லை. அது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வேறு வலிநிவாரணியாக இருந்தாலோ, பாராசிட்டமாலே இரண்டு மூன்று மாத்திரைகளில் மறைந்திருந்து மொத்த அளவு கூடிவிட்டாலோ, சாதாரணக் காய்ச்சலாகக் கடந்து போயிருக்க வேண்டியது மருத்துவமனைப் படுக்கையில் முடியக்கூடும். தீவுகளில் பரவும் காய்ச்சல்களின் தன்மையே இதற்குக் காரணம்.

தவறுதலாகக் கிடைத்த மருந்து

பாராசிட்டமாலின் வரலாறு ஒரு மருந்துக் கடைப் பிழையில் தொடங்குகிறது. 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள் குடற்புழுவால் அவதியுற்ற நோயாளிக்கு நாஃப்தலீன் கொடுக்க முயன்றனர். மருந்துக் கடையிலிருந்து தவறுதலாக வந்ததோ அசிட்டனிலைடு என்ற வேறொரு பொருள். புழுக்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் நோயாளியின் காய்ச்சல் தணிந்தது. அசிட்டனிலைடு விரைவில் விற்பனைக்கு வந்தாலும், அதை உட்கொண்ட சிலரின் தோல் நீலம் பாரித்ததால் பாதுகாப்பான மாற்று தேவைப்பட்டது. உடலுக்குள் சென்ற அசிட்டனிலைடு பாராசிட்டமாலாக மாறியே வேலை செய்கிறது என்பதை 1948-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புரோடி, ஆக்சல்ராட் ஆகியோர் நிறுவினர். 1955-இல் அமெரிக்காவிலும் 1956-இல் பிரிட்டனிலும் இம்மருந்து விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர்.

இந்தியாவில் குரோசின், கால்பால், டோலோ எனப் பல பெயர்களில் விற்கப்படுவதும் இதுவே. கொரோனா காலத்தில் 'டோலோ 650' என்ற பெயர் ஏறத்தாழ காய்ச்சல் மாத்திரைக்கே பொதுப்பெயராகிவிட்டது.

பாராசிட்டமால் எவ்வாறு வேலை செய்கிறது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. மூளையில் செயல்பட்டு உடல் வெப்பத்தையும் வலி உணர்வையும் குறைக்கிறது என்பதே பொதுவான விளக்கம். வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. மூட்டு வீக்கத்துக்கு இது போதவில்லை என்று பலர் குறைகூறுவது அதனால்தான். ஆனால் காய்ச்சல் காலத்தில் அந்தக் குறையே பாதுகாப்பாக அமைகிறது. வழக்கமான அளவில் இது இரைப்பையின் உட்சுவரை அரிப்பதில்லை; ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களின் வேலையையும் தடுப்பதில்லை.

தீவின் காய்ச்சல்கள்

அந்தமானில் காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயரல்ல. வடக்கு அந்தமானின் திக்லிபூர் பகுதியில் 1988 முதல் மழைக்காலத்தை ஒட்டி ஒரு மர்மக் காய்ச்சல் பரவி வந்தது. கடும் காய்ச்சலும் உடல்வலியுமாகத் தொடங்கி, சிலருக்கு இருமும்போது ரத்தம் வரும் நிலைக்கும் உயிரிழப்புக்கும் அது இட்டுச் சென்றது. 'அந்தமான் ரத்தப்போக்குக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயரிடப்பட்டது. 1993-இல் ஏற்பட்ட பரவலை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் போர்ட் பிளேர் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம், அது எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் என்பதையும், நுரையீரலுக்குள் ரத்தம் கசிவதே உயிரிழப்புக்குக் காரணம் என்பதையும் கண்டறிந்தது.

எலிகள், கால்நடைகள் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கு நீரிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் நடப்போருக்கு, தோலில் உள்ள சிறு காயங்கள் வழியாக இக்கிருமி நுழைகிறது. வயலில் இறங்குவோர், கால்நடை வளர்ப்போர், காலில் வெட்டும் கீறலும் ஆறாத நிலையில் ஈரத்தில் நின்று வேலை செய்வோர் ஆகியோருக்கு இடர் அதிகம். கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல், திடீர்க் காய்ச்சல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். நோய் முற்றினால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் மூன்றும் பாதிக்கப்படலாம். டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உரிய நேரத்தில் தொடங்கினால் இது குணமாகக்கூடிய நோய். பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் குறைக்கும்; கிருமியைத் தொடாது.

2006-இல் சிக்குன்குனியா இத்தீவுகளில் பெருமளவில் பரவியது. அதன் பின்னர் டெங்குவும் வந்து சேர்ந்தது. நிக்கோபார் பகுதியில் மலேரியா நெடுங்காலமாகவே உண்டு. இந்த நோய்கள் அனைத்தும் முதல் இரண்டு நாள்களில் ஏறத்தாழ ஒரே தோற்றம் காட்டுபவை: காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி, தசைவலி. எது டெங்கு, எது எலிக்காய்ச்சல் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது.

இந்த இடத்தில்தான் மாத்திரையின் தேர்வு முக்கியமாகிறது. 'வலி தாங்கவில்லை' என்று மருந்துக் கடையில் கேட்கும்போது பெரும்பாலும் கைக்கு வருவது டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், நிமெசுலைடு ஆகியவற்றுள் ஒன்று, அல்லது அவற்றுடன் பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரை. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்ற பிரிவைச் சேர்ந்த இவை மூட்டுவலி, பல்வலி, மாதவிடாய் வலி ஆகியவற்றுக்கு நன்கு உதவுபவை. ஆயினும் டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்து வரும்போது, எஞ்சியிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் இவற்றில் பல தடுத்துவிடுகின்றன. இரைப்பையில் புண்ணையும் உண்டாக்குகின்றன. விளைவு ரத்தக்கசிவு. ஆஸ்பிரினும் அவ்வாறே. டெங்கு என ஐயமிருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தவிர்த்துப் பாராசிட்டமால் மட்டுமே தரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசின் நோய்க்கடத்தி நோய்த் தடுப்பு வழிகாட்டுதலும் கூறும் முறை.

எலிக்காய்ச்சலில் அபாயம் சிறுநீரகத்தின் வழியே வருகிறது. உடலில் நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் காத்து நிற்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வலிநிவாரணிகள் தடுப்பது அவற்றைத்தான். காய்ச்சலாலும் வாந்தியாலும் நீரிழந்து, கிருமியாலும் தாக்கப்பட்டுள்ள சிறுநீரகத்துக்கு ஒரு 'வலி ஊசி' எத்தகைய சுமை என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். காய்ச்சலுடன் வரும் தசைவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குச் செல்ல விரும்புவோர் எல்லா ஊர்களிலும் உண்டு. நாள் கூலியை நம்பி வாழ்வோரிடம் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலில் அந்த ஊசியை மறுப்பதே அறிவுடைமை.

இதய நோய்க்காக மருத்துவர் ஆலோசனைப்படி குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொள்வோர் காய்ச்சல் கண்டதும் தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சல் இறங்கும் நாள்

பாராசிட்டமால் உட்கொண்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வெப்பம் ஓரிரு பாகை குறையும்; நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மீண்டும் ஏறும். மருந்து செய்யும் வேலை அவ்வளவே. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றில் முழு அளவு மருந்துக்கும் காய்ச்சல் முற்றிலும் இறங்காமல் போவது இயல்பு. இறங்கவில்லையே என்று இரண்டு மணிக்கு ஒருமுறை மாத்திரை போட்டுக்கொள்வதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் கல்லீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளதால், மற்ற நாள்களில் தாங்கக்கூடிய கூடுதல் அளவை அப்போது தாங்குவது கடினம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைப்பதும், கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைத் தொடர்ந்து பருகுவதும் அந்த இடைவெளியில் செய்யத்தக்கவை.

டெங்குவில் இன்னொரு பொறியும் உண்டு. நோயின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் நேரம் அது. வீட்டில் இருப்போரோ காய்ச்சல் விட்டது, மாத்திரை வேலை செய்தது என்று நிம்மதியடைந்திருப்பர். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருநிற மலம், மூச்சுத் திணறல், அமைதியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், இருமலில் ரத்தம் ஆகியவையும் அப்படியே. கண் மஞ்சளாகியிருந்தால் பாராசிட்டமாலையும் மருத்துவர் சொல்லாமல் தொடரக் கூடாது.

ஜங்லிகாட்டில் வசிப்போருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தீவுகளின் முதன்மை மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அதே நகரில் உள்ளது. திக்லிபூரிலிருந்தோ தொலைவிலுள்ள சிறு தீவுகளிலிருந்தோ வருவோருக்கு நீண்ட சாலைப் பயணமும் படகுப் பயணமும் இடையில் நிற்கின்றன. அங்குள்ளவர்கள் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல், இரண்டாம் நாளே அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எத்தனை மாத்திரை?

உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மி.கி. மாத்திரையானால் எட்டு, 650 மி.கி. மாத்திரையானால் ஆறு என்பது உச்ச வரம்பு. தேவையான அளவு அல்ல. 50 கிலோவுக்குக் குறைவான எடையுள்ளோர், முதியோர், நாள்கணக்கில் சரியாக உண்ணாதோர், தொடர்ந்து மது அருந்துவோர், கல்லீரல் நோயுள்ளோர் ஆகியோருக்கு 2 முதல் 3 கிராமுக்குள் நிறுத்துமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம்.

வரம்பைத் தாண்டுவோர் பலரும் அறிந்து தாண்டுவதில்லை. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரையை மூன்று வேளை உட்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: 1,950 மி.கி. மூக்கடைப்புக்காக அவர் மூன்று வேளை போடும் சளி மாத்திரையிலும் பெரும்பாலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும்: 1,500 மி.கி. முதுகுவலிக்காக முன்பு எழுதித் தரப்பட்ட அசெக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரை இரண்டு வேளை என்றால், ஒவ்வொன்றிலும் 325 மி.கி. வீதம் 650 மி.கி. மூன்று வெவ்வேறு மருந்துகளை உட்கொண்டதாக அவர் நினைக்கிறார். ஒரே மருந்து 4,100 மி.கி. அவர் உடலில் சேர்ந்துள்ளது.

மாத்திரை அட்டையைப் படித்தால் தெரியுமே என்று கேட்கலாம். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, மருந்தின் வேதிப்பெயர் வணிகப் பெயரைவிடக் குறைந்தது இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிடப்பட வேண்டும். ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. சளி மாத்திரைகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. எங்கே பெரிய எழுத்து மிகவும் தேவையோ அங்கே விலக்கு அளிக்கப்பட்டிருப்பது முரண்தான். அச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எனவே தமிழ் மட்டும் அறிந்தோர் மருந்தாளுநரிடம் 'இதில் பாராசிட்டமால் இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம்?' என்று கேட்டுக்கொள்வதே எளிய வழி.

கூட்டு மருந்துகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்த 156 கூட்டு மருந்துகளில், அசெக்ளோஃபெனாக் 50 மி.கி.யும் பாராசிட்டமால் 125 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையும் ஒன்று.

கல்லீரலில் நடப்பது

உட்கொண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரலில் சேமிப்பில் இருக்கும் குளுட்டாதயோன் அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்யும். அளவு மீறும்போது இந்தச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. நச்சு கல்லீரல் அணுக்களையே தாக்கத் தொடங்குகிறது. நெடுநாள் மதுப்பழக்கம் நச்சு உருவாவதை விரைவுபடுத்துகிறது. பட்டினி குளுட்டாதயோனைக் குறைக்கிறது. காய்ச்சலில் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடப்பவரின் கல்லீரலும் இந்தக் கணக்கில் சேரும். பாராசிட்டமாலால் கல்லீரல் அழியக்கூடும் என்பதே, மருந்து சந்தைக்கு வந்து பத்தாண்டுகள் கழித்து 1966-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவக் குறிப்பின் மூலமே வெளியே தெரிந்தது.

இதன் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. முதல் நாள் சிறிது குமட்டலும் சோர்வும் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். மஞ்சள் காமாலையும் மனக்குழப்பமும் மூன்றாம், நான்காம் நாளில் தோன்றும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிகச் சிறப்பாகக் காக்கிறது, தாமதமானாலும் பயன் தருகிறது. ஆகவே அளவு மீறிவிட்டது எனத் தெரிந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளின் கணக்கு வேறு

குழந்தைக்கு வயதைவிட எடையே அளவுகோல்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாளில் நான்கு வேளைக்கு மிகாமல். இந்தியாவில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று அடர்த்திகளில் பரவலாகக் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள மருந்துநீர், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள மருந்துநீர், ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மி.கி. தரவேண்டுமானால் முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., மூன்றாவதில் 1.5 மி.லி. போதும். சென்ற முறை 6 மி.லி. கொடுத்த நினைவில் புதிதாக வாங்கிய சொட்டு மருந்தையும் அதே அளவு கொடுத்தால், குழந்தைக்குச் செல்வது நான்கு மடங்கு. சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்துடன் வரும் அளவுக் குப்பியையே பயன்படுத்த வேண்டும்.

12 வயதுக்குட்பட்டோருக்கு நிமெசுலைடு தருவதற்கு 2011 முதல் இந்தியாவில் தடை உள்ளது. வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தருவது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறிக்கு வழிவகுக்கக்கூடும். தமிழகத்தில் பெற்றோர் பலர் காய்ச்சலுக்கு மெஃபெனமிக் அமில மருந்துநீரைக் கையாள்கின்றனர். டெங்கு பருவத்தில் அதுவும் தவிர்க்கத்தக்கதே.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிஃப்' மருந்துநீர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் பாராசிட்டமாலும் ஓர் உட்பொருள். ஆனால் உயிரைப் பறித்தது பாராசிட்டமால் அல்ல. தமிழக அரசின் பரிசோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அதன் பின் பெற்றோரிடையே எழுந்த அச்சம் இயல்பானது. எனினும் அந்த அச்சத்தால் குழந்தைக்குப் பெரியவர்களின் மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுப்பது, ஓர் அபாயத்திலிருந்து இன்னோர் அபாயத்துக்குத் தாவுவதாகும்.

கர்ப்பிணிகளின் ஐயம்

கர்ப்ப காலத்தில் இம்மருந்தை உட்கொள்வதற்கும் குழந்தையின் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கூறியது உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் சில நாள்களிலேயே விளக்கமளித்தது. கர்ப்பிணியின் கடும் காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதும் கருவுக்குத் தீங்கு. மருத்துவரைக் கேட்டு, தேவையான நாள்களுக்கு மட்டும், குறைந்த அளவில் என்பதே இன்றுள்ள நிலை.

பெட்டிக்கடையில் கிடைக்கலாமா?

ஆயிரம் பேருக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட கிராமங்களில், மருந்து உரிமம் இல்லாத கடைகளும் பாராசிட்டமால் உள்ளிட்ட சில வீட்டு மருந்துகளை விற்க இந்திய மருந்து விதிகளின் 'கே' அட்டவணை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. மருந்துக் கடையே இல்லாத சிறு தீவுக் கிராமங்களுக்கு இது தேவையான சலுகை. ஜங்லிகாட் போன்ற நகரப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. பிரிட்டனில் 1998 முதல் சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைகளுக்கு மேல் விற்க இயலாது. அதன் பின் அங்கு அளவு மீறிய பாராசிட்டமாலால் நேர்ந்த உயிரிழப்புகள் குறைந்ததாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

காய்ச்சலுடன் மருத்துவமனைக்குச் செல்வோர் அதுவரை உட்கொண்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், தீர்ந்துபோனவை உள்பட, கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் சேற்றிலோ தேங்கிய நீரிலோ இறங்க நேர்ந்ததா என்பதையும் மருத்துவர் கேட்குமுன் சொல்லிவிடலாம்.